பல் வரைந்தவள்

அத்தியாயம் 14: வழியனுப்பு விருந்து

'அன்புள்ள தெல்மா, அந்தக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே உனக்கு அனுப்பிவிட்டேனே!'

டென்மார்க்கிலிருந்து பிர்கிட் அம்மாள் அனுப்பிய இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஜோவெலின் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்துவிட்டாள் அல்லவா? அது புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. இடையில் அழ வேண்டியதை எல்லாம் அவள் அழுது முடித்துவிட்டாள். இப்போது அவளுக்கு வேண்டியது பழி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜோவெலினுக்குத் தொழில், பல் வரைவது. டென்மார்க்கில் யாருக்கோ கடைவாய்ப்பல் உடைந்தால் அந்த வாயின் படம் கம்ப்யூட்டர் வழியாக மாபினிக்கு வரும். பிலிப்பைன்ஸின் இந்தக் கடலோர ஊரில், அண்ணன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து அவள் அந்தப் பல்லின் மேல் மாட்டும் கேப் ஒன்றை வரைந்து அனுப்புவாள். பிர்கிட் அம்மாளின் பட்டறையில் இயந்திரம் அதைக் கடைந்து எடுக்கும். எட்டு வருடமாக இதே வேலை.

ஆனால் காகிதத்தில் ஜோவெலின் என்றொரு ஆளே கிடையாது. ஆரம்பத்தில் வரி அலுவலகத்தின் பதிவு எண் ஒன்று தேவைப்பட்டது. அண்ணி தெல்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. "ஒரே குடும்பம்தானே, எதுக்கு நீ வேற வரிசையில நின்னு கால் கடுக்கணும்? அவ பேர்லயே பண்ணிடு" என்றான் அண்ணன் ஃபெர்மின். இவளும் மண்டையை ஆட்டினாள். ஒப்பந்தத்தில் 'தெல்மா டிமாயுகா' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அன்றிலிருந்து பிர்கிட் அம்மாள் 'தெல்மா' என்று கூப்பிட்டால் 'சொல்லுங்க' என்பவள் இவள்தான். முகம் பார்த்துக்கொண்டதில்லை. குரல் மட்டும்தான்.

அம்மா சொலெடாட் மிலான் நகரத்தில் இருபத்துநாலு வருடமாக வீடு துடைக்கிறார். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. அடுத்த மாதம் இருபதாம் தேதி முழங்காலில் அறுவை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஜோவெலின் போக நினைத்தாள். சுற்றுலா விசாவில் போய், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகப் பல் வரைய அவளுக்கு மனமில்லை. சொந்த வேலையைக் கையோடு கொண்டுவருகிறவர்களுக்கு இத்தாலி தரும் விசா ஒன்று இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தாள். அதற்கு முதல் காகிதமே, 'இவர் அங்கிருந்து எங்கள் வேலையைச் செய்யச் சம்மதிக்கிறோம்' என்று வாடிக்கையாளர் தரும் கடிதம்.

அந்தக் கடிதத்தைத்தான் தெல்மா, ஜெராக்ஸ் கடை மின்னஞ்சலிலிருந்து இவளுக்குத் தெரியாமல் எழுதி வாங்கிக்கொண்டு, தனக்கே விசா கேட்டுவிட்டாள். நேர்காணலும் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பதில்.

விசா கைக்கு வருமுன்பே வழியனுப்பு விருந்து. அதுதான் தெல்மா.

காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் பேனர் ஏறிவிட்டது. சொந்தக் கடையிலேயே அச்சடித்தது. மிலான் தேவாலயத்தைவிடத் தெல்மாவின் முகம் பெரிது. கீழே, 'பல் வடிவமைப்பாளர் திருமதி தெல்மா டிமாயுகாவின் இத்தாலிப் பயணம் வெல்க!' என்று சிவப்பெழுத்து.

"வடிவமைப்பாளர்னா என்னம்மா?" என்றார் எதிர்வீட்டு பாசிங் அத்தை, பேனரை அண்ணாந்து பார்த்து. "நம்ம ஊர்ல இத்தாலிக்குப் போனவ எல்லாம் துடைப்பத்தோடதான் போனா. இவ பென்சிலோட போறாளா?"

"கம்ப்யூட்டரோட போறாங்க அத்தை" என்றாள் ஜோவெலின்.

"தெல்மாவுக்குக் கம்ப்யூட்டர் வேற தெரியுமா? என் பேத்தி பிறப்புச் சான்றிதழைத் தலைகீழா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவளாச்சே!"

ஜோவெலின் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"ஜோவி! சிரிச்சுக்கிட்டு நிக்காம வந்து வெங்காயத்தை நறுக்குடி" என்று உள்ளிருந்து தெல்மாவின் குரல். தலைமுடியைச் சுருட்டி விட்டிருந்தாள். புதுச் சட்டை. "பான்சித் நூடுல்ஸுக்கு நூறு பேர் வர்றாங்க. நான் கையில வெங்காய வாசனையோட நிக்க முடியுமா, நீயே சொல்லு."

"நீங்க ஏன் அண்ணி தொடணும்? நான் பாத்துக்கறேன்."

"நீ தங்கம்டி. உன்னை விட்டுட்டுப் போறதுதான் எனக்கு வருத்தம்."

சொன்ன வாய் கூசவில்லை. வெங்காயம் நறுக்கிய கை மட்டும் கொஞ்சம் வேகமாக நறுக்கியது.

சுற்றுலா விசாதான், பேனர் வெறும் பெருமைக்கு என்று இவளிடம் சொல்லி வைத்திருந்த தெல்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கடிதம் கேட்டு இவள் எழுதியதும் தெரியாது, பதில் வந்ததும் தெரியாது. வியாழக்கிழமை இவள் தெல்மாவாகவே பிர்கிட் அம்மாளுக்கு இன்னொரு செய்தி எழுதியதும் தெரியாது. 'சனிக்கிழமை எனக்கு வழியனுப்பு விருந்து. உங்கள் காலை ஒன்பது மணிக்கு, இங்கே பகல் மூன்று மணிக்கு, வீடியோவில் வந்து நாலு வார்த்தை பேசுவீர்களா? போன வாரம் நாம் அல்லாடிய அந்தக் கடைவாய்ப்பல்லின் படத்தையும் கொண்டுவாருங்கள். என் வேலை என்னவென்று ஊர் பார்க்கட்டும்.'

பிர்கிட் அம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டாயம் வருகிறேன் என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

ஊர் கூடிய இடத்தில், பெரிய திரையில், அண்ணி வாய் திறக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஜோவெலின் கத்தப் போவதில்லை, முடியைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. அந்தப் பல் கேட்கும்.

பின்கட்டில் ஃபெர்மின் முழுப் பன்றியை மூங்கிலில் குத்தி, கனலுக்கு மேலே திருப்பிக்கொண்டிருந்தான். லெச்சோன் இல்லாமல் விருந்து ஏது? பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஜோவெலின் தண்ணீர் கொண்டுபோனாள். வாங்கிக் குடித்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, யார் யோசனை இது?"

"எது?"

"நடிக்காதண்ணா. பிர்கிட் அம்மா கடிதம்."

மூங்கில் சுற்றுவது நின்றது. கொழுப்பு சொட்டிக் கனல் சீறியது. 

"தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சு போச்சு."

"அம்மாகிட்ட யாராவது ஒருத்தர் போகணும் ஜோவி. யாரு போனா என்ன? பேப்பர் எல்லாம் அவ பேர்ல இருக்கு. வரி கட்டினது அவ பேர்ல, ஒப்பந்தம் அவ பேர்ல. நீ புதுசாப் பதிவு பண்ணி, வருஷக்கணக்கா வேலை பாத்ததுக்கு அத்தாட்சி காட்டறதுக்குள்ள அம்மா கால் ஆறியே போயிடும். அவளுக்குன்னா உடனே ஆகுது. அதான்."

 அவன் சொன்னதில் பொய் இல்லை. நாலு மாடி ஏறி இறங்க அம்மாவுக்கு ஒரு தோள் வேண்டும். அது தெல்மாவின் தோளாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? செய்தி அனுப்பி வீடியோவை நிறுத்திவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. அவள் கை தன்னையறியாமல் போனைத் தொட்டது.

"சரிண்ணா. அண்ணி அங்க போயிட்டா பல் யாரு வரையறது?"

ஃபெர்மின் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். இதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

"நீதான். இங்க இருந்து வழக்கம்போல வரைஞ்சு அனுப்பு. அவ அம்மாவைப் பாத்துக்குவா. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியப் போகுது?"

போனிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஆக, மிலானில் தெல்மா. இந்தப் பின்னறையில் ஜோவெலின். விசாவில் தெல்மாவின் பெயர், வேலையில் ஜோவெலினின் முதுகு. அது சட்டப்படி குற்றம் என்பதுகூட அண்ணனுக்கு உறைக்கவில்லை. தங்கைக்கு என்று ஓர் ஆசை இருக்கலாம் என்பதும் உறைக்கவில்லை. கல்யாணமாகாத முப்பத்தாறு வயதுக்காரி, எங்கே உட்கார வைத்தாலும் உட்காருவாள் என்று நினைத்திருக்கிறான். எட்டு வருடம் அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பன்னியைத் திருப்புண்ணா. ஒரு பக்கம் கருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்குச் சாப்பாடு பரிமாறும் முன்பு, ஊர்த் தலைவர் ஜெபம் சொல்லி முடித்தார். நூறு பேர் என்று சொன்னதில் நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் பாட்டுப் போட்டிக்கு வாடகைக்கு எடுத்த பாட்டு இயந்திரமும் ஆளுயரத் திரையும். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு ஆச்சரியம்" என்றாள் ஜோவெலின். கம்ப்யூட்டரைத் திரையோடு இணைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். "உங்க பிர்கிட் அம்மா உங்களை வாழ்த்தணுமாம்."

தெல்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இப்பவா? வேண்டாம்டி, அவங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"என்ன சிரமம்? வரச் சொல்லு, வரச் சொல்லு!" என்று பாசிங் அத்தை முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வெள்ளைக்காரியை நானும் பாக்கறேன்."

திரை ஒளிர்ந்தது. நரைத்த குட்டை முடி, பெரிய கண்ணாடி, வெள்ளை அங்கி. "தெல்மா!" என்று இரண்டு கையையும் விரித்தாள் பிர்கிட் அம்மாள். "கடைசியில உன் முகத்தைப் பாத்துட்டேன்! எத்தனை வருஷம்!"

கூட்டம் கைதட்டியது. தெல்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நன்றி மேடம், ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.

பிர்கிட் அம்மாள் தலையைச் சாய்த்தாள். "குரல் என்ன இப்படி மாறிப்போச்சு? ஜலதோஷமா?"

"ஆமா மேடம். ஜலதோஷம்."

"பாவம். சரி, நீ கேட்ட மாதிரி அந்தப் பல்லைக் கொண்டுவந்திருக்கேன். எல்லாரும் பாருங்க, உங்க தெல்மா எவ்வளவு கெட்டிக்காரின்னு!"

திரையில் ஒரு பல் வந்தது. ஆளுயரப் பல். மேடும் பள்ளமுமாக மெதுவாகச் சுழன்றது. கூட்டம் 'ஆ' என்றது.

"மூணு தடவை செஞ்சும் அந்த ஆளுக்குக் கடிக்கும்போது வலி. எங்க ஆளுங்க யாருக்கும் புரியல. நீ ராத்திரி படம் பாத்துட்டு ஒரே நிமிஷத்துல சொன்னியே, அதைச் சொல்லு. இந்தப் பல்லுல எங்க தப்பு?"

தெல்மா திரையைப் பார்த்தாள். பல் சுழன்றது. அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல பல் மேடம்."

யாரோ சிரித்தார்கள்.

"ஆமா, ஆனா எங்க முட்டுது?"

"அது வந்து... முன்னாடி. முன்பல்லுல."

"முன்பல்லா?" பிர்கிட் அம்மாள் கண்ணாடியைச் சரி செய்தாள். "தெல்மா, இது கடைவாய்ப்பல்."

"எனக்கே தெரியுது அது கடைவாய்ப்பல்லுன்னு!" என்றார் பாசிங் அத்தை, தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டி. இந்த முறை சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. தெல்மாவின் காது சிவந்தது. திரும்பி ஜோவெலினைத் தேடினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. 'சொல்லிக் கொடுடி' என்கிற கெஞ்சல்.

எவ்வளவு இனித்தது என்று நினைக்கிறீர்கள்! அந்தக் கெஞ்சலை ஜோவெலின் அவசரமில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகுதான் சுவரோரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"உள்பக்க மேட்டோட சரிவு ரொம்பச் செங்குத்து மேடம். அந்த ஆள் நேரா கடிக்கறவர் இல்ல, இடது பக்கமா அரைக்கறவர். நேரா கடிச்சா சரியா இருக்கும், அரைக்கும்போதுதான் இடிக்கும். உயரத்தைக் குறைக்காம சரிவை மட்டும் தளர்த்துனா போதும்."

பிர்கிட் அம்மாள் முன்னால் சாய்ந்தாள்.

"அந்தக் குரல்" என்றாள். "அதுதான். யார் அது? முன்னாடி வாங்க."

கூட்டம் வழிவிட்டது. ஜோவெலின் வெங்காய வாசனையோடு, ஏப்ரனோடு கேமரா முன்னால் போய் நின்றாள்.

"என் பேரு ஜோவெலின் டிமாயுகா. எட்டு வருஷமா உங்க தெல்மா நான்தான் மேடம். இவங்க எங்க அண்ணி. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. உங்க கடிதத்தை எனக்குத் தெரியாம வாங்கித் தன் பேர்ல விசாவுக்குக் கொடுத்துட்டாங்க."

மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்! பிர்கிட் அம்மாள் கண்ணீரோடு 'என் கண்ணே' என்பாள், கூட்டம் திகைக்கும், தெல்மா தலை குனிவாள். இதில் இரண்டு நடந்தது.

பிர்கிட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எட்டு வருஷம்" என்றாள் மெதுவாக. "என் புருஷன் செத்த அன்னிக்கு உன்கிட்டதான் பேசி அழுதேன். அன்னிக்காவது உன் பேரைச் சொல்லியிருக்கலாமே."

ஜோவெலின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதம் செல்லாதுன்னு இன்னிக்கே தூதரகத்துக்கு எழுதிடறேன். ரெண்டு பேரும் என்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டோட கூப்பிடு. உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னும் எனக்குத் தெரியல."

திரை அணைந்தது. அடுத்த நொடி பாட்டு இயந்திரம் தானாக உயிர்பெற்று, கடற்கரைப் படம் போட்டு, 'உங்கள் பாடலைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது.

யாரும் பாடவில்லை. ஆனால் யாரும் சாப்பிடாமல் போகவும் இல்லை. "சமைச்சது சமைச்சாச்சு, பன்னி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று பாசிங் அத்தை லெச்சோன் தோலை முறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். ஐந்தரை மணிக்குள் வீடு காலி. ஃபெர்மின் ஏணி வைத்துப் பேனரை அவிழ்த்தான். 

தெல்மா பின்னறைக்கு வந்தாள். முகத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது.

"திருப்தியா?"

"திருப்திதான்."

"என் பேரு இல்லாட்டி உனக்கு அந்த வேலையே கிடைச்சிருக்காதுடி. வரி ஆபீசுக்கு ஒவ்வொரு மாசமும் அலைஞ்சது நான். அந்த ஜெராக்ஸ் மெஷின் முன்னாடி இருபது வருஷமா நிக்கறேன். நான் ஒரு தடவை வெளிய போகணும்னு நெனச்சது தப்பா?"

"போகணும்னு நெனச்சது தப்பில்ல. நான் இருக்கற இடத்துலேயே கிடப்பேன்னு நெனச்சியே, அதுதான் தப்பு." இத்தனை வருடத்தில் முதல்முறையாக அண்ணியை ஒருமையில் அழைத்தாள். இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"சரி, கேட்டுக்கோ" என்றாள் தெல்மா. "திங்கட்கிழமை அந்தம்மா ஒப்பந்தத்தை எடுத்து வெச்சு, தெல்மான்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்கும். என்ன சொல்லுவ?"

"நான்தான்னு சொல்லுவேன்."

"சொன்னா உனக்கும் கடிதம் தராது. உனக்கும் விசா இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பண்ணுன?"

"உனக்குக் கிடைக்காதுல்ல" என்றாள் ஜோவெலின். "இன்னிக்கு எனக்கு அது போதும்."

 தெல்மா திரும்பிப் போனாள். முன்னறையில் பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக அலமாரிக்குள் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஜோவெலின் அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள். மனசு குளிர்ந்தது. உண்மையாகவே குளிர்ந்தது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. மிலான்.

"ஜோவி? ஃபெர்மின் போனை எடுக்கவே மாட்டேங்கறான்" என்றார் அம்மா. மூச்சு வாங்கியது. படியேறி வந்திருக்க வேண்டும். "விருந்து நல்லபடியா நடந்துச்சா? டாக்டர் கேக்கறார், ஆபரேஷன் அன்னிக்குக் கூட யாரு இருப்பா, பேர் எழுதணும்னு. யாரு பேரை எழுதட்டும்?"

ஜோவெலின் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

"உன் அண்ணி வர்றான்னு அவன் சொன்னான். நீ வருவேன்னு நீ சொன்ன. எனக்கு யாரு வந்தாலும் சரிதான்டி. யாரு வர்றீங்க?"

"யாரும் வரலம்மா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை. அம்மா மெல்ல உட்கார்ந்தார். அறுபத்தேழு வயது, தான் பெற்று வளர்த்த குடும்பம், இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சண்டை போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"யாரு ஜெயிச்சீங்க?"

ஜோவெலின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான்தாம்மா" என்றாள். சொல்லிவிட்டு, புதன்கிழமையே தீர்ந்துவிட்டது என்று நினைத்த அழுகையை மறுபடி அழத் தொடங்கினாள்.